முதலாண்டு வகுப்பில் யாரும் கூனிக்குறுகாமல் இருக்க: கிளாஸ் அட்வைசர்களுக்கு

பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்துப் பேசிய பையன், பொறியியல் கல்லூரிக்கு வந்த இரண்டாவது வாரமே கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். தமிழ் வழியில் படித்தவன், வீட்டுக்கு முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். ‘கூச்ச சுபாவம்’ என்று மென்டர் நோட்டில் எழுதிவிடுகிறோம். இரண்டு வாரத்தில் சுபாவம் மாறாது. மாறியது சுற்றியிருப்பவர்கள். அதனால் அவனைக் கவுன்சலிங்குக்கு அனுப்பும் முன் வகுப்பின் வழக்கங்களைத் திருத்துங்கள்.

முதலில் அறிமுகப் படலம். அறுபது பேர் முன்னால் ஆங்கிலத்தில் பெயர், ஊர், அப்பாவின் தொழில் சொல்லச் சொல்வது பல இடங்களில் வழக்கம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகன் ‘பிசினஸ்’ என்று சொல்லி வைப்பான்; அந்தப் பொய்யை நான்கு வருடம் காப்பாற்ற வேண்டும். பதிலுக்கு, பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசவிட்டு, ஒருவர் மற்றவரை அறிமுகம் செய்யட்டும். பெயர், நன்றாகத் தெரிந்த ஒரு வேலை, இவ்வளவு போதும். மோட்டார் கழற்றிப் பூட்டுவது, கபடி, பரோட்டா வீசுவது, எதுவானாலும் சரி. மொழி அவரவர் விருப்பம். முதலில் நீங்களே தமிழில் தொடங்குங்கள். ஊர் தானாகப் பேச்சில் வந்தால், “அங்க எந்தத் தெரு?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது ஸ்காலர்ஷிப் சர்க்குலர். “எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடன்ட்ஸ் எழுந்திருங்க” என்பதுபோல் கெடுதல் வேறில்லை. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே நடத்திய ஆய்வில் (2004) 642 சிறுவர்கள் புதிர்ப்பாதை தீர்த்தார்கள். பாதிப்பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லார் முன்னிலையிலும் சாதியை வாசித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். அதே மூளை, அதே புதிர்தான். ஆகவே முதல் பட்டதாரி சலுகை உட்பட எல்லாத் திட்டங்களையும் ஒரே செய்தியாக வகுப்புக் குழுவில் போடுங்கள். விண்ணப்பத்தைத் தனித்தனியே அலுவலகத்தில் வாங்குங்கள். சாதிச் சான்றிதழ் நகல்களைத் திரட்டும் வேலையை சி.ஆரிடம் (வகுப்புப் பிரதிநிதியான மாணவரிடம்) ஒப்படைக்கவே கூடாது.

இருக்கை விஷயத்தில், பட்டியலின மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, தன் அறிக்கையில் (2024) பள்ளிகளுக்குச் சொன்ன அகரவரிசை கல்லூரிக்கும் பொருந்தும். புராஜெக்ட் குழுக்களையும் முதல் செமஸ்டரில் நீங்களே பிரியுங்கள். விட்டுவிட்டால் ஹாஸ்டல், டே ஸ்காலர், ஆங்கிலம் பேசுபவர் என்று தானாகப் பிரிந்துவிடும்.

கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்; தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்ற அவகாசம் வேண்டும். தமிழில் பதில் வந்தால் ஏற்றுக்கொண்டு, கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். “கவர்ன்மென்ட் ஸ்கூலா? பரவாயில்லையே!” என்பது பாராட்டு அல்ல.

முதல் இன்டர்னலுக்கு முன் பதினைந்து நிமிட எழுத்துப் பயிற்சி ஒன்று தரலாம். குடும்பம், நட்பு, கலை, நம்பிக்கை போன்றவற்றில் தனக்கு முக்கியமான இரண்டைத் தேர்ந்து காரணம் எழுத வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள், ‘தன்னம்பிக்கை வளர’ என்று அறிவிக்கவும் வேண்டாம், அறிவித்தால் ‘நம்மைத்தான் பலவீனம் என்கிறார்கள்’ என்று தோன்றிவிடும். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் நடந்து 2006ல் வெளியான ஆய்வில் இதற்கு நல்ல பலன் தெரிந்தது, பின்னர் வந்த சோதனைகளில் கலவையான பலன்தான். செலவில்லாததால் செய்து பார்க்கலாம்.

நம் பிள்ளைகளில் பலர் ‘குடும்பம்’ என்றே எழுதுவார்கள். அதுவே பலம், அதுவே சுமையும்: ஒரு அரியர் விழுந்தால் அம்மாவின் உழைப்பையே வீணாக்கிவிட்டதாக நினைப்பார்கள். எனவே அரியர் வந்ததும் அப்பாவுக்கு போன் போடாமல் முதலில் மாணவரை அழைத்து, எந்தத் தேதிக்குள் எதை எழுதி முடிப்பது என்று கூட உட்கார்ந்து திட்டம் போடுங்கள். மெஸ்ஸுக்கு வராமல் இருப்பது, அடிக்கடி ஊருக்குப் போவது தெரிந்தால் அன்றே பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், கவுன்சலரைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம்.