வேலூரிலிருந்து அரிய நூல்களைத் தேடிச் செல்வோருக்கு

காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து, சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ செல்லும் ஆய்வாளர்கள், வேண்டிய நூல்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும்.

'வேலூர் மாவட்டம்' என்று மட்டும் தேடுவது போதாது. 1989 வரை இது திருவண்ணாமலையையும் உள்ளடக்கிய வட ஆற்காடு மாவட்டம். 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூரும் இதில்தான் இருந்தது. ஆகவே திருவண்ணாமலை, சித்தூர் பற்றிய பழைய செய்திகளும் வட ஆற்காட்டின் கீழேயே கிடைக்கக்கூடும்.

பழைய நூல்கள் பலவற்றின் முகப்பில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், 'தாது' என்பது பெரும் பஞ்சம் நிலவிய 1876ஆ, அல்லது 1936ஆ என்பதைப் பெரும்பாலும் அச்சகத்தின் பெயரைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். எனவே அச்சகத்தின் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நூலாசிரியர் பெயரைவிட அது சில வேளைகளில் அதிகம் உதவும்.

அடையாள அட்டை, கல்லூரியின் அறிமுகக் கடிதம், பென்சில் ஆகியவை கையில் இருக்கட்டும் (மை கசியும் என்பதால் அரிய நூல்களின் அருகே பேனாவை அனுமதிப்பது அரிது). விடுமுறை நாட்களையும் படமெடுக்கும் விதிகளையும் கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.