கடைசிப் பரீட்சைக்கு மறுநாளே டிக்கெட் போடாதீர்கள்: ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு

போன வாரம் முதலாண்டுத் தம்பி ஒருவன் உடற்கூறியல் அட்லஸ் கேட்டு என் அறைக்கு வந்தான். தர்மபுரிப் பையன், வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "பிப்ரவரி 8-க்கு ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன்ணா, இப்பவே எடுத்தா ரொம்பக் குறைச்சல்" என்றான். கடைசிப் பரீட்சை எப்போது என்று கேட்டேன். "6-ஆம் தேதி மாதிரி சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேல் இல்லை. இதே கணக்கைத்தான் நானும் போட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது நாலு பேர் போடுகிறார்கள். சொல்ல ஆளில்லாமல் போடுகிறார்கள்.

நான் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் இப்போது ஏழாவது வருடம் இருக்கிறேன். படிப்பு ஆறு வருடம்தான். அந்த ஒரு வருடம் எங்கே போனது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன். பிரஷர் குக்கர் எடுத்து வரலாமா, எந்த ஏரியாவில் ரூம் எடுப்பது என்பதெல்லாம் வந்த முதல் வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரிசல்ட் வருமுன் டிக்கெட் போடுவது

முதலில் இங்கே மதிப்பெண் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 100 புள்ளி. செமஸ்டர் முழுக்க வாங்கியதும் கடைசிப் பரீட்சையில் வாங்கியதும் சேர்த்து 51 வந்தால் பாஸ். 41 முதல் 50 வரை என்றால் எஃப்எக்ஸ். உங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஒரு கூடுதல் தேர்வு எழுதலாம் என்று அர்த்தம். நாங்கள் அதை ரீடேக் என்போம். 40-உம் அதற்குக் கீழும் எஃப். அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது எஃப்எக்ஸ்தான். ரீடேக்குக்கு ரிசல்ட் வந்த பிறகு குறைந்தது 5 நாள் இடைவெளி விட வேண்டும் என்பது இங்குள்ள விதி. நடைமுறையில் அது அடுத்த வாரமே வந்துவிடும். நம் ஊர் அரியர் மாதிரி அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். இங்கே அப்படிக் கிடையாது. அன்றைக்கு நீங்கள் ஹாலில் இல்லையென்றால் எஃப்எக்ஸ் எஃப் ஆகிவிடும்.

என் கதை இது. முதலாண்டு, இரண்டாம் செமஸ்டர். கடைசிப் பரீட்சை ஜூன் 30, உடற்கூறியல் 2. ஜூலை 4-ஆம் தேதிக்கு மார்ச்சிலேயே டிக்கெட் எடுத்திருந்தேன். ஷார்ஜா வழியாகச் சென்னை, 24,000 ரூபாய், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். 7-ஆம் தேதி அக்காவுக்கு வளைகாப்பு. நடுவில் இரண்டு நாள் சும்மா இருப்பானேன் என்று ஐந்து பேர் கஸ்பெகி கிளம்பினோம். ஒரு வருடமாக ஒவ்வொருவனும் போனில் வால்பேப்பராக வைத்திருந்த இடம் அது. மலைமேல் தனியாக நிற்கிற கெர்கெத்தி தேவாலயம், பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கஸ்பெக் சிகரம். திபிலிசியின் டிடுபே ஸ்டாண்டில் மார்ஷ்ருட்கா என்கிற மினி பஸ் ஏறி, மூன்று மணி நேரத்தில் ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவில் இறங்கினோம். கஸ்பெகி ஊருக்கு இப்போதைய பெயர் அதுதான்.

மறுநாள் காலை தேவாலயத்துக்கு நடந்தே ஏறினோம். 2,170 மீட்டர் உயரம். மேலே போனபோது சிகரம் முழுக்க மேகம். விலகட்டும் என்று புல்லில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஒருவன் "போர்ட்டல்ல ரிசல்ட் வந்திருச்சு" என்றான். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. பக்கம் பாதி வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன். 47.

கூட வந்த நான்கு பேரும் பாஸ். யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவன் பையிலிருந்த கச்சாபுரியை, அதாவது சீஸ் ரொட்டியை, பிய்த்து என் கையில் கொடுத்தான். சீஸ் ஆறி ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. அதை மென்றுகொண்டே கணக்குப் போட்டேன். இன்று 2. ஐந்து நாள் என்றால் 7. ராத்திரி அறிவிப்பு வந்தது: ரீடேக் ஜூலை 8.

அந்த இரவில் எனக்கு ஒரு வழி இருந்தது. டிக்கெட் தேதியை மாற்ற 17,000 ரூபாய் கேட்டார்கள். அதைக் கட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் அப்பாவிடம் கேட்க வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர் என் அப்பா. அவரிடம் 17,000 கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும், ஃபெயில் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஒரு சீனியருக்கு போன் செய்தேன். "கவலைப்படாம போய்ட்டு வா, செப்டம்பர்ல இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க" என்றார். நான் கேட்க ஆசைப்பட்டதையே அவர் சொன்னார், நம்பினேன். டீன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. 4-ஆம் தேதி விமானம் ஏறினேன். 8-ஆம் தேதி வளைகாப்பு வீட்டில் மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அப்படி எந்தச் சான்ஸும் இல்லை. உடற்கூறியல் 2 இல்லாமல் 3-ஐ எடுக்க முடியாது. அதற்கு மேலே இருக்கிற பாடங்களும் வரிசையாக நின்றன. 2-ஐ மறுபடி எடுக்கலாம் என்றால், என் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் வசந்தகால செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். ஒரு வருடம் காத்திருந்தேன். மறுபடி கட்டிய கிரெடிட் கட்டணம், கடைசியில் கூடுதலாக இருக்க வேண்டிய ஒரு வருட வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. 17,000 மிச்சம் பிடிக்கப்போய் வந்தது இது. என்னோடு வந்தவர்கள் போன வருடமே முடித்து ஊரில் எஃப்எம்ஜிஇ எழுதிவிட்டார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு அது. 300 கேள்வி, 150 எடுக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை. நான் இங்கே இருந்துகொண்டு அவர்களுடைய பழைய நோட்ஸைப் படிக்கிறேன்.

அப்பாவிடம் அந்த 47-ஐ அடுத்த ஜனவரியில்தான் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்னைக்கே சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே?" இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் தயவுசெய்து இப்படிக் கணக்குப் போடுங்கள். துறை வெளியிடும் கல்வி நாட்காட்டியில் கடைசிப் பரீட்சைத் தேதியைப் பார்க்காதீர்கள், ரீடேக் முடியும் தேதியைப் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு நாள் தள்ளி டிக்கெட் எடுங்கள். நாட்காட்டி இன்னும் வரவில்லையென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், சில ஆயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை. வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே ரீடேக் வாரத்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், எஃப்எக்ஸ் வந்தால் அன்று ராத்திரியே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் எஃப்எக்ஸ் வருகிறது.

ஊர் சுற்றுவதைப் பரீட்சை முடிவில் வைப்பது

ஊர் சுற்ற வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்து மலை பார்க்காமல் திரும்புவது பெரிய நஷ்டம். ஆனால் எல்லாரும் பயணத்தைப் பரீட்சை முடிந்த பிறகு என்று தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் ரிசல்ட் பயத்தோடு போய், எதையும் பார்க்காமல் வருகிறார்கள்.

செமஸ்டர் தொடங்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதம்தான் சரியான காலம். பாடம் இன்னும் குவிந்திருக்காது, குளிரும் ஏறியிருக்காது. கிழக்கு ஜார்ஜியாவில் காகெதி பக்கம் திராட்சை அறுவடை நடக்கும், அதற்கு ர்த்வேலி என்று பெயர். சனிக்கிழமை காலை அங்குள்ள சிக்னாகி போனால் தெருவெல்லாம் பழ வாசனை. அரை நாள்தான் இருக்கிறது என்றால் ம்ட்ஸ்கெத்தா போங்கள், திபிலிசியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். மேலே ஜ்வாரி தேவாலயத்திலிருந்து பார்த்தால் ம்ட்க்வாரி ஆறும் அரக்வி ஆறும் இரண்டு நிறமாக வந்து சேர்வது தெரியும். பவானி கூடுதுறையைப் பார்த்து வளர்ந்த என் ரூம்மேட் அங்கே ஒரு மணி நேரம் அசையாமல் நின்றான்.

குளிர்காலத்தில் ஞாயிறு மாலை மலையிலிருந்து திரும்புவது

பனிச்சரிவு பயம் வந்தால் கஸ்பெகி போகும் வழியில் குடவுரிக்கு மேலே சாலையை மூடிவிடுவார்கள். திங்கள் வகுப்பு போச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு ஓடுவது

ஜனவரியில் வகுப்பு நடக்கும். இங்கேயே வையுங்கள், பச்சரிசி கிடைக்கிறது.

90 நாள் விசாவை 90 நாள் என்று நினைப்பது

மாணவர்களுக்குக் கொடுக்கும் டி3 விசாவில் 90 நாள் என்று போட்டிருக்கும். ஆனால் குடியிருப்பு அனுமதிக்கு, சட்டப்படி தங்கும் காலம் முடிவதற்கு 40 நாள் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது 50 நாள். அதற்குள் பாஸ்போர்ட்டை ஜார்ஜிய மொழியில் மொழிபெயர்த்து நோட்டரி வாங்க வேண்டும், பல்கலைக்கழகச் சான்று வாங்க வேண்டும், வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். ஆற்றங்கரையில் வெள்ளைக் காளான் மாதிரிக் கூரை போட்ட பெரிய கட்டடம் இருக்கிறதே, ஜஸ்டிஸ் ஹவுஸ், அங்கேதான் வேலை. 30 நாளில் குடியிருப்பு அனுமதி கார்டு வேண்டுமென்றால் 210 லாரி (ஜார்ஜிய நாணயம்), 10 நாளில் வேண்டுமென்றால் 410. கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் 410 கட்டுகிறார்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். ரசீதை நீங்களே வாங்கி வையுங்கள். கார்டு கைக்கு வரும்வரை எல்லை தாண்டும் பயணம் எதுவும் வேண்டாம். அடுத்தடுத்த முறை புதுப்பிக்கும்போதும் இதே 40 நாள்தான்.

"யூரோப்ல படிக்கிறேன்" என்று நம்புவது

ஊரில் விளம்பரமே அப்படித்தான் வருகிறது. ஜார்ஜியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியிலும் இல்லை. 2017 மார்ச்சிலிருந்து ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகும் வசதி ஜார்ஜியக் குடிமக்களுக்குத்தான். நம் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். இங்குள்ள கார்டைக் காட்டிப் பாரிஸில் இறங்க முடியாது. திபிலிசியிலிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் கார்டால் கிடைக்கும் பலன். இங்குள்ள குட்டைசி விமான நிலையத்திலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்கு மலிவு விமானம் போவதைப் பார்த்ததும் கை பரபரக்கும். விசா வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். எங்கள் பிளாட்டில் ஒருவன் ரோமுக்குப் போக வர டிக்கெட் எடுத்துவிட்டு விசா கிடைக்காமல் ரூமில் உட்கார்ந்திருந்தான்.

வேறு நாட்டு மருத்துவமனையில் பயிற்சி

இது பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். இரண்டு மாதம் போலந்தில் ரொட்டேஷன், ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு, அனுபவமும் ஆச்சு என்பார்கள். இந்தியாவில் பதிவு செய்ய நினைக்கிறவர்கள் 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, எல்லாமே ஆங்கில வழியில். படிப்பு, பயிற்சி எதிலும் ஒரு பகுதிகூட வேறு நாட்டில் நடந்திருக்கக் கூடாது. கல்லூரி மாறுவதும் இதில்தான் மாட்டும். 2022-இல் உக்ரைனில் படித்த நம் மாணவர்களுக்கு மட்டும் போர் காரணமாகத் தற்காலிகச் சலுகை கொடுத்தார்கள். அதை உதாரணம் காட்டி "டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்" என்று சொல்கிறவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். ஊர் பார்க்கப் போலந்து போக வேண்டுமென்றால் விடுமுறையில் சுற்றுலாவாகப் போய் வாருங்கள்.

அப்காசியா

ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து ரஷ்யப் படையின் பிடியில் இருக்கும் பகுதி. ரஷ்யா பக்கமிருந்து அங்கே நுழைவது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம். போகாதீர்கள்.

ஜார்ஜிய மொழியைப் பாஸ் ஆனதும் மறப்பது

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, மொழி எதற்கு என்று இரண்டாம் ஆண்டோடு விட்டுவிடுகிறார்கள். நான்காம் ஆண்டு வார்டுக்குப் போனதும் தெரியும். நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். பேராசிரியர் அவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு நம்மிடம் ஒரு வரியில் சொல்வார். அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு வருவதை மருத்துவம் படித்தது என்று சொல்ல முடியாது.

33 எழுத்துதான். வட்டம் வட்டமாக இருப்பதால் நம் கைக்குச் சீக்கிரம் பழகும். பேசிப் பழக மார்ஷ்ருட்கா நல்ல இடம். நிறுத்தச் சொல்ல "காமிச்செரெத்" என்று சத்தம் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் ஊர் எது என்று கேளுங்கள். ஸ்வனெதி மலைப் பகுதி, படுமி கடற்கரை என்று நான் சுற்றியதில் கற்றுக்கொண்ட சொற்கள்தான் வார்டில் கை கொடுத்தன.

போன மாதம் மூச்சுத் திணறலோடு ஒரு பெபியா சேர்ந்தார். பெபியா என்றால் பாட்டி. "சாத் கிட்கிவாத்?" என்று கேட்டேன், எங்கே வலிக்கிறது என்று. அவர் நெஞ்சைக் காட்டாமல் காலைக் காட்டினார். போர்வையை விலக்கினால் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஸ்கேனில் அதுதான் இருந்தது. நான்கு நாள் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்ததும் என் ஊர் எது, அம்மா இருக்கிறாரா, ஸ்வனெதியில் இருக்கிற மெஸ்டியா பார்த்திருக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டார். பார்த்திருக்கிறேன், ஆனால் மழையில் மலை தெரியவில்லை என்றேன். செப்டம்பரில் வா ஷ்விலோ (பிள்ளை), தெளிவாக இருக்கும் என்று சொல்லி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் மகன் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தார். வரும் செப்டம்பரில் போகிறேன்.