கிளஸ்டர் தான் கேஸ உருவிடுச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடி

விர்கோ கிளஸ்டர்ங்கற கேலக்ஸி கூட்டத்தோட ஓரத்துல ஒரு சுருள் கேலக்ஸி, ஹைட்ரஜன் வாயு விடற 21 செ.மீ. ரேடியோ கோட்டுல சிக்னல் லேசா தான் தெரியுது. உடனே "கிளஸ்டரோட சூடான வாயு இதோட ஹைட்ரஜன அடிச்சுட்டு போயிடுச்சு"ன்னு முடிவு கட்டிடறோம், நானும் கட்டிருக்கேன், அப்புறம் அழிச்சுருக்கேன்.

மொதல்ல, கம்மின்னா எதை விட கம்மி? அதே வகை, அதே சைஸ், தனியா கிடக்கற கேலக்ஸியோட தான் ஒப்பிடணும். நீள்வட்ட கேலக்ஸியில எப்பவுமே கேஸ் கொஞ்சம் தான், அதை கொண்டு வந்து சுருள் கேலக்ஸி பக்கத்துல வச்சா எல்லாமே பறிகொடுத்த மாதிரி தான் தெரியும்.

அடுத்தது தூரம், இதுல தான் நெறைய பேர் வழுக்கி விழறாங்க. ரெட்ஷிஃப்ட்ட (விலகிப் போற வேகத்தால அலைநீளம் கூடறது) ஹப்பிள் விதியில, அதாவது வேகம் கூடினா தூரமும் கூடும்ங்கற விதியில போட்டா தூரம் வந்துடும்னு நெனப்பு. விர்கோவுல எம்90ன்னு ஒரு கேலக்ஸி இருக்கு, அது நொடிக்கு 200 கி.மீ.க்கு மேல நம்மள நோக்கி வந்துட்டு இருக்கு, அதுக்கு இந்த கணக்க போட்டா தூரம் மைனஸ்ல வரும்! கிளஸ்டரோட ஈர்ப்பு இழுக்கற இழுப்புல வேகமெல்லாம் தாறுமாறா இருக்கும். ஹைட்ரஜன் நிறை தூரத்தோட வர்க்கத்துல போகுதுங்கறதால தூரத்த 20% கூட்டி போட்டா நிறை 44% ஏறிடும். வேற வழியில அளந்த தூரம் கிடைச்சா அதையே எடுங்க.

வேகத்த எந்த முறையில எழுதிருக்காங்கன்னும் பாருங்க. அதிர்வெண் மாற்றத்த வச்சு போடற ரேடியோ முறை வேற, அலைநீள மாற்றத்த வச்சு போடற ஆப்டிகல் முறை வேற. கோமாங்கற இன்னொரு கிளஸ்டர்ல ஆப்டிகல் முறையில நொடிக்கு 7,000 கி.மீ.ன்னு இருக்கறது ரேடியோ முறையில 6,840 தான். இது தெரியாம நான் "ஆஹா, கேஸ் கேலக்ஸியோட டிஸ்க்க விட்டு நொடிக்கு 160 கி.மீ. வேகத்துல ஓடுது"ன்னு ரெண்டு நாள் குதிச்சேன்.

1381 மெகாஹெர்ட்ஸ்ல பளிச்னு ஒரு கோடு வந்தா அதுவும் சந்தோஷப்படற விஷயம் இல்ல, ஜிபிஎஸ் சாட்டிலைட்டா இருக்கும், நொடிக்கு 8,500 கி.மீ. வேகத்துல போற கேலக்ஸி மாதிரியே வேஷம் போடும். விர்கோ நடுவுல எம்87ங்கற பிரகாசமான ரேடியோ கேலக்ஸி வேற இருக்கு, சுமார் 200 ஜான்ஸ்கி (ரேடியோ சிக்னலோட பலத்துக்கான அலகு), நாம தேடறதோ சில மில்லிஜான்ஸ்கி. அது பீம் (டெலஸ்கோப் பாக்கற வானத்துண்டு) ஓரத்துல எட்டிப் பாத்தாலே ஸ்பெக்ட்ரத்துல அலை அலையா வரும்.

பல ஆன்டெனா சேத்து எடுத்த படத்துல, கேலக்ஸிய விட்டு உருவப்பட்டு பின்னாடி நீளற கேஸ் வால் தெரியலன்னா வாலே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஆன்டெனாக்களுக்கு நடுவுல இருக்கற குறைஞ்ச இடைவெளிய விட நெருக்கமா அளக்க முடியாததால, பரந்து கிடக்கற மெல்லிசு கேஸ் படத்துல வராமலே போயிடும். விர்கோஹெச்ஐ21ங்கற ஹைட்ரஜன் மேகத்தோட கதை இதுக்கு நல்ல உதாரணம். 2005ல அத நட்சத்திரமே இல்லாத இருண்ட கேலக்ஸின்னு சொன்னாங்க, 2007ல அரெசிபோ ரேடியோ டெலஸ்கோப்போட ஒத்த டிஷ்ஷால பரந்த ஏரியாவ மேப் பண்ணப்போ, என்ஜிசி 4254ங்கற கேலக்ஸியில இருந்து கிளம்பற நீள கேஸ் ஓடையோட ஒரு துண்டுதான் அதுன்னு தெரிஞ்சுது.

கடைசியா, சிக்னல் கிடைக்கலன்னா டேபிள்ல 0ன்னு போடாதீங்க. அதிகபட்சம் இவ்ளோ இருக்கலாம்னு போட்டு, கோட்டோட அகலம் எவ்ளோன்னு வச்சு கணக்கு போட்டீங்கன்னும் எழுதுங்க, ஏன்னா பக்கவாட்டுல தெரியற கேலக்ஸியோட கோடு ரொம்ப அகலமா பரவி, நல்லா கேஸ் இருந்தாலும் இரைச்சலுக்குள்ள முங்கிடும்.