சீட்டிங் டை வாங்குவதற்கு முன்: தோட்டா மறுநிரப்பலில் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸைத் தாங்களே மறுபடியும் நிரப்பிக்கொள்கிறார்கள். அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில், புல்லட்டைக் கேஸின் கழுத்துக்குள் நேராகவும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கும் இறக்கி வைக்கும் கருவிதான் சீட்டிங் டை. புதியவர்கள் முதலில், அந்த ஆழத்தை நுணுக்கமாக மாற்ற உதவும் மைக்ரோமீட்டர் தலையைப் பார்த்தே மயங்குகிறார்கள்; நான் அதைக் கடைசியில்தான் பார்க்கச் சொல்வேன்.

முதலில், டையைப் பொருத்திக் கேஸை அதற்குள் ஏற்றும் நெம்புகோல் கருவியான உங்கள் பிரஸ்ஸைப் பாருங்கள். 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் கொண்ட வழக்கமான டைகள் பெரும்பாலான பிரஸ்களில் பொருந்தும். வில்சன் நிறுவனத்தின் கை டைக்கு, மேலிருந்து நேராக அழுத்தும் ஆர்பர் பிரஸ் தனியாக வேண்டும் என்பதால், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, புல்லட்டை டை எப்படித் தாங்குகிறது என்று கவனியுங்கள். சாதாரண டையில், கேஸின் வாயில் விரலால் நிறுத்திய புல்லட் சற்றுச் சாய்ந்தபடியே உள்ளே போய்விடக்கூடும். ஃபோர்ஸ்டர், ரெட்டிங் நிறுவனங்களின் போட்டித்தர டைகளிலோ, ஸ்பிரிங்கில் நகரும் உள்குழல் ஒன்று கேஸையும் புல்லட்டையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்ட பிறகே, டையின் உள்ளே இருக்கும் ஸ்டெம் என்ற தண்டு புல்லட்டை அழுத்தத் தொடங்குகிறது. கையில் உள்ள பணத்தை இந்த அமைப்புக்கே செலவிடுங்கள்.

அடுத்தது ஸ்டெம். ஒரே பெட்டியில் உள்ள புல்லட்டுகளின் முனைகூட ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஆகவே ஸ்டெம் முனையைத் தொடாமல், ஓஜைவ் எனப்படும் பக்க வளைவில்தான் அமர வேண்டும். இதைச் சோதிக்க, ஸ்டெம்மைக் கழற்றி, புல்லட்டின் மூக்கில் மார்க்கர் மையைப் பூசி, ஸ்டெம்முக்குள் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். மை தேய்ந்த இடம் வளைவைச் சுற்றி ஒரு முழு வளையமாகத் தெரிந்தால் பொருத்தம் சரி. முனையில் மட்டும் தேய்ந்திருந்தால், நீண்ட கூர்மூக்குப் புல்லட்டுகளுக்கான விஎல்டி ஸ்டெம்மைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். என்னுடைய முதல் ஸ்டெம்மின் விளிம்பு கூராக இருந்ததால் செம்பு உறையில் வளையமாகப் பள்ளம் விழுந்தது. அந்த விளிம்பை மிக நுண்ணிய உப்புத்தாளால் இழைத்த பின்பே அது நின்றது.

இப்போது மைக்ரோமீட்டருக்கு வரலாம். அதன் ஒரு கோடு 0.001 அங்குலம். பலவகைப் புல்லட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோருக்கு அது பெரிய வசதி. ஒரே புல்லட்டோடு இருப்பவர் சாதாரண திருகையும் பூட்டு வளையத்தையும் வைத்தே அதே ஆழத்தைப் பெறலாம். எதை வாங்கினாலும், ஓஜைவில் அமரும் கம்பாரேட்டர் என்ற துணைக்கருவி பொருத்திய காலிப்பரால் கேஸின் அடியிலிருந்து ஓஜைவ் வரை அளந்து பார்க்காமல் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்.

சாதாரண டையில் கிரிம்ப் செய்யும், அதாவது கேஸின் வாயைப் புல்லட்டின்மேல் இறுக்கும், விளிம்பும் இருக்கும். அதைப் பொருத்தும்போது, கேஸை மேலே ஏற்றி, டை கேஸைத் தொடும்வரை திருகி, பின் ஒரு சுற்று வெளியே எடுத்துப் பூட்டுங்கள். இல்லையென்றால் கழுத்துக்குக் கீழே உள்ள கேஸின் தோள் நசுங்கும்.

வாங்கியதும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் ஐந்து மாதிரித் தோட்டாக்களைச் செய்து, சுழற்றி அளக்கும் டயல் கேஜில் அவற்றின் கோணலைப் பாருங்கள். கோணல் அதிகமானால் சீட்டிங் டையைக் குறைசொல்லும் முன், புல்லட் இல்லாத கேஸின் கழுத்தை அளந்து பாருங்கள். சுட்ட கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையில் வளைந்த கழுத்தை எந்தச் சீட்டிங் டையாலும் நிமிர்த்த முடியாது. கடைசியாக, தோட்டாவின் மொத்த நீளத்தையும் பாருங்கள்: .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த மொத்த நீள உச்சவரம்பு 2.810 அங்குலம். புல்லட், குழலின் உள்ளே உள்ள சுருள் பள்ளங்களான ரைஃபிளிங்கைத் தொடும் அளவுக்கு முன்னே நின்றால் அழுத்தம் உயரும் என்பதால், ஆழத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கையேட்டின் தொடக்க மருந்தளவுக்கே திரும்பிச் செல்லுங்கள்.