மீன் ஏலக் கணக்குக்கு மென்பொருள்: தேவைகளைப் பொருள்நோக்கு முறையில் வரைவது எப்படி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு ஏலக்கடைக்கு மென்பொருள் எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன வேண்டும் என்று கேட்டால், "படகு டோக்கன் வாங்கிப் போகும், வரும், மீனை ஏலம் விடுவோம், கணக்கு முடிப்போம்" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு நேராக டேபிள் உருவாக்க உட்கார்ந்தால் இரண்டாவது வாரமே சிக்கல் வரும். அந்த ஒரு வரியிலிருந்து நிரலாளர் நம்பி வேலை செய்யக்கூடிய வரைபடம் வரை, பொருள்நோக்கு முறையில் (தொழிலில் உள்ள பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் முன்வைத்து மென்பொருளை அமைக்கும் முறை) போகும் வழி இது.

தேவையானவை: வெள்ளைத்தாள், பென்சில், 3×5 அங்குல அட்டை 20, கடையின் கணக்கு நோட்டில் ஏதாவது ஒரு வாரத்தின் நகல். படத்தைச் சுத்தமாக எடுக்க டிரா.ஐஓ அல்லது பிளான்ட்யூஎம்எல் போதும், இரண்டும் இலவசம். முதல் இரண்டு நாள் கணினியைத் தொடாதீர்கள். திரையில் வரைந்த படத்தை அழிக்க மனம் வராது, இங்கே நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

வரைபட மொழி யூஎம்எல் (Unified Modeling Language), மென்பொருளைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீடுகள். 1997-ல் தரநிலையாக ஏற்கப்பட்டது, 2017-ல் 2.5.1 பதிப்பு வந்தது. அதில் 14 வகைப் படங்கள் உண்டு. நமக்கு ஐந்து போதும்.

படி 1: எல்லைக்கோடு

தாளின் நடுவில் ஒரு பெரிய கட்டம் வரையுங்கள். மென்பொருள் செய்வது உள்ளே, மற்றவை வெளியே. டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, கொடுப்பது மீன்வளத்துறை அலுவலகம். ஆகவே டோக்கன் வழங்குதல் கட்டத்துக்கு வெளியே, டோக்கன் எண்ணைப் பதிவு செய்தல் உள்ளே. புயல் எச்சரிக்கையும் வெளியேதான். இந்தக் கோட்டை முதலிலேயே போடாவிட்டால், "வானிலையும் காட்டட்டுமே" என்று வேலை வளர்ந்துகொண்டே போகும்.

படி 2: யூஸ் கேஸ்

மென்பொருளை வைத்து ஒருவர் முடிக்க நினைக்கும் ஒரு வேலைதான் யூஸ் கேஸ். கட்டத்துக்கு வெளியே குச்சி மனிதர்கள்: கணக்கப்பிள்ளை, சம்மாட்டி (படகின் உரிமையாளர்), வியாபாரி. உள்ளே நீள்வட்டங்கள்: பயணம் பதிவு செய்தல், கரை சேர்ந்ததைக் குறித்தல், ஏலத்தில் போன மீனைப் பதிவு செய்தல், முன்பணம் கழித்தல், பங்கு பிரித்தல். ஐந்து முதல் எட்டு வரை சரி. "லாகின் செய்தல்" என்று ஒரு வட்டம் போடாதீர்கள். யாரும் லாகின் செய்வதற்காகக் கடைக்கு வருவதில்லை.

படம் பத்து நிமிட வேலை. உண்மையான உழைப்பு ஒவ்வொரு வட்டத்தையும் எழுத்தில் விரிப்பதில் இருக்கிறது. ஒன்றை முழுதாகப் பார்ப்போம்.

பெயர்: ஏலத்தில் போன மீனைப் பதிவு செய்தல்.
செய்பவர்: கணக்கப்பிள்ளை.
முன்நிபந்தனை: பயணம் கரை சேர்ந்ததாகக் குறித்திருக்க வேண்டும்.

1. படகின் பதிவு எண்ணைத் தட்டுகிறார். கணக்கு முடியாத பயணம் திரையில் வருகிறது.
2. சரக்கு வகை, எடை, கிலோ விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை இடுகிறார்.
3. மென்பொருள் தொகையைக் காட்டுகிறது.
4. அவர் ஒப்புக்கொண்டதும் கணக்கில் ஒரு பதிவு வரி சேர்கிறது, சீட்டு வருகிறது.

மாற்று வழிகள்:
1அ. முடியாத பயணம் இரண்டு இருந்தால் எது என்று கேட்க வேண்டும்.
2அ. எடை போடாமல் கூடைக் கணக்கில் ஏலம் போனால், கூடை எண்ணிக்கையும் கூடை விலையும்.
2ஆ. ஒரு குவியலை இரண்டு வியாபாரிகள் பிரித்துக்கொண்டால் இரண்டு வரி.
4அ. விலை தவறாகப் பதிவானால் அழிக்கக் கூடாது. ரத்து வரி ஒன்று, சரியான வரி ஒன்று. பழைய சீட்டு ஏற்கெனவே வியாபாரி கையில் போயிருக்கும்.

மாற்று வழிகள் முதன்மை வழியைவிட நீளமாக இருந்தால் பயப்படாதீர்கள். மாற்று வழியே இல்லாமல் ஒரு யூஸ் கேஸ் வந்தால்தான், கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை என்று பொருள்.

படி 3: பெயர்ச்சொல் பொறுக்குதல், பிறகு வினையெச்சம்

பள்ளிப் பாடநூல் இனக்குழு என்று சொல்வதைத்தான் இங்கே கிளாஸ் என்கிறோம், ஒரே மாதிரியான பொருள்களுக்கான பொது அச்சு அது. விவரணையில் உள்ள பெயர்ச்சொற்களிலிருந்து கிளாஸ்களைக் கண்டுபிடிக்கும் வழியை ரஸ்ஸல் அபாட் 1983-ல் எழுதினார். ஆங்கில விவரணையை மனத்தில் வைத்து எழுந்த முறை அது. நம் கரைப்பேச்சில் அப்படியே போட்டுப் பாருங்கள்:

"சம்மாட்டியோட படகு டோக்கன் வாங்கி, அஞ்சு ஆளோட காலையில போயி, மறுநாள் கரைக்கு வந்து, இறால், கணவாய், சங்காயத்த ஏலம் விட்டு, வியாபாரி குடுத்த முன்பணத்தக் கழிச்சுட்டு, மீதியப் பங்கு பிரிச்சாங்க."

பெயர்ச்சொற்கள்: சம்மாட்டி, படகு, டோக்கன், ஆள், கரை, இறால், கணவாய், சங்காயம், ஏலம், வியாபாரி, முன்பணம், மீதி, பங்கு. இப்போது சலியுங்கள். கரை ஒன்றுதான் என்பதால் வேண்டாம். மீதி கணக்கிட்டு வருவது, அதுவும் வேண்டாம். இறாலும் கணவாயும் தனித்தனி கிளாஸ் அல்ல, ஒரே கிளாஸின் பொருள்கள். அதற்கு "மீன் வகை" என்று பெயர் வைத்தால் சங்காயம் இடிக்கும், ஏனென்றால் சங்காயம் ஒரு மீனின் பெயரல்ல, பல சிறு மீன்கள் கலந்து கழிவாக வருவது. "சரக்கு வகை" என்று வையுங்கள். சம்மாட்டியே இன்னொரு படகின் மீனை வாங்கும் வியாபாரியாகவும் இருக்கலாம். அதனால் இருவருக்கும் தனி கிளாஸ் போடாமல் "நபர்" என்ற ஒன்றே போதும், சம்மாட்டியும் வியாபாரியும் அவர் ஏற்கும் வேடங்கள்.

சலித்து முடித்தும் மிக முக்கியமான கிளாஸ் பட்டியலில் இல்லை. அது "போயி", "வந்து" என்ற வினையெச்சங்களுக்குள் இருக்கிறது: பயணம். தமிழில் நிகழ்ச்சிகளைப் பெயராக்காமல் எச்சமாகவே கோத்துக்கொண்டு போவோம். எனவே பெயர்ச்சொல்லைப் பொறுக்கிய பிறகு ஒவ்வொரு வினையெச்சத்தையும் நிறுத்தி, "இதற்கு ஒரு தேதி, ஒரு எண், ஒரு தொகை உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால் அது கிளாஸ் ஆகும் தகுதி உடையது. "விட்டு" என்பதிலிருந்து விற்பனைப் பதிவு, "கழிச்சுட்டு" என்பதிலிருந்து முன்பணக் கழிவு.

பயணம் இல்லாமல் டோக்கனையும் ஆட்களையும் படகோடு ஒட்டியவர்களுக்கு என்ன ஆகும்? ராமேஸ்வரத்து விசைப்படகு சனிக்கிழமை காலை போய் ஞாயிறு காலை திரும்பும். டோக்கன் ஒரு தேதியில், விற்பனை இன்னொரு தேதியில். "படகு + தேதி" என்று தேடும் மென்பொருள் இரண்டையும் சேர்க்கவே முடியாது. ஆட்களும் ஒவ்வொரு தடவையும் மாறுவார்கள். படகோடு ஒட்டிய ஆள் பட்டியல் போன வாரத்து ஆளுக்குப் பங்கு போடும்.

படி 4: அட்டைகள்

கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989-ல் முன்வைத்த சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, உதவுபவர்) அட்டை முறை. ஒரு கிளாஸுக்கு ஒரு அட்டை. மேலே பெயர், இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் உதவும் கிளாஸ்கள். பயணம் அட்டையில்: டோக்கன் எண்ணை வைத்திருத்தல், போனவர்களை அறிதல், மொத்த விற்பனையைச் சொல்லுதல். அட்டையில் இடம் போதவில்லை என்றால் அந்த கிளாஸ் இரண்டாகப் பிரிய வேண்டும். சின்ன அட்டை கேட்டது அதற்காகத்தான்.

படி 5: கிளாஸ் வரைபடம்

அட்டைகளைக் கோடுகளால் இணையுங்கள். கோட்டின் இரு முனையிலும் எண்ணிக்கை கட்டாயம். ஒரு படகு 1, பயணம் 0..*, அதாவது பூஜ்யம் முதல் எத்தனை வேண்டுமானாலும். ஒரு பயணம் 1, விற்பனைப் பதிவு 0..*. வலையில் ஒன்றும் படாமல் திரும்பும் நாளும் உண்டு என்பதால் இங்கே 1..* தவறு. பயணத்தையும் விற்பனைப் பதிவையும் இணைக்கும் கோட்டில் பயணத்தின் முனையில் நிரப்பிய வைரக்குறி, ஏனென்றால் பயணம் இல்லாமல் பதிவுக்கு வாழ்வில்லை. நபருக்கு அது பொருந்தாது, வெறும் கோடு போதும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது மரபுரிமத்தில்தான் (ஒரு கிளாஸின் பண்புகளைத் துணை கிளாஸ்கள் பெறுவது). விசைப்படகு, நாட்டுப்படகு என்று இரண்டு துணை கிளாஸ் போடக் கை பரபரக்கும். இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. வேறுபாடு கடலுக்குப் போகும் நாளில் மட்டும்: ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. இதைத் துணை கிளாஸுக்குள் புதைக்காமல் "கடல்நாள் விதி" என்று தனியே வையுங்கள், படகில் "வகை" என்ற ஒரு பண்பு போதும். மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன் அது 45 நாள்தான். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு பண்புள்ள கிளாஸாக இருந்தால் மாறும்போது நிரலைத் தொட வேண்டாம்.

பண்புகளில் இரண்டு எச்சரிக்கை. படகின் பதிவு எண்ணில் எழுத்தும் உண்டு, அதை எண் வகையாக வைக்காதீர்கள். பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள், தசமப் பிழை பங்கு பிரிக்கும்போது சண்டையாக வந்து நிற்கும்.

படி 6: வரிசைப்படம்

படி 2-ல் விரித்த யூஸ் கேஸை எடுத்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று மேலிருந்து கீழாக அம்புகள் போடுங்கள். ஒவ்வொரு அம்பும் அது போய்ச் சேரும் கிளாஸில் ஒரு செயலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேருங்கள். எல்லா யூஸ் கேஸுக்கும் இது தேவையில்லை, சிக்கலான இரண்டுக்குப் போடுங்கள்.

படி 7: நிலைப்படம், பயணத்துக்கு மட்டும்

டோக்கன் பதிவானது → கடலில் → கரை சேர்ந்தது → விற்பனை முடிந்தது → கணக்கு முடிந்தது. புயல் எச்சரிக்கையால் போகாமல் நின்றால் முதல் நிலையிலிருந்து "ரத்து".

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கரையில் "கடலில்" என்ற நிலையிலிருந்து எல்லாப் படகும் குறித்த காலையில் திரும்பிவிடுவதில்லை. எஞ்சின் நின்று இன்னொரு படகு இழுத்து வரும், இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும், காற்றில் வேறு கரையில் ஒதுங்கும். "திரும்பவில்லை" என்பது பிழைச்செய்தியாக இருக்கக் கூடாது. அது ஒரு முழு நிலை. அந்த நிலையில் மென்பொருள் உடனே காட்ட வேண்டியது அந்தப் பயணத்தில் போனவர்களின் பெயர்கள். வீட்டார் கடை வாசலில் வந்து நிற்கும்போது கேட்பது அதைத்தான். ஆள் பட்டியல் பயணத்தில் இருந்தால் கிடைக்கும், படகில் ஒட்டியிருந்தால் தவறான பெயர் வரும்.

படி 8: நோட்டை வைத்துச் சோதித்தல்

ஒரு பயணத்தைப் பொருள்படமாக (கிளாஸ்களுக்குப் பதில் குறிப்பிட்ட பொருள்களைக் காட்டும் படம்) வரையுங்கள், உண்மை எண்களோடு. எடுத்துக்காட்டாக: இறால் 18 கிலோ × 550 = 9,900. கணவாய் 34.5 கிலோ × 320 = 11,040. சங்காயம் 210 கிலோ × 18 = 3,780. மொத்தம் 24,720. முன்பணத்துக்காக இந்த மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து கழித்தால் 2,472. இப்படி நோட்டின் ஏழு நாளையும் கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

பெரும்பாலும் முதல் நாளிலேயே நோட்டின் ஒரு வரிக்குப் படத்தில் இடம் இருக்காது: ஐஸ் காசு, டீசல். பயணத்தோடு வைரக்குறியில் "செலவு" என்று ஒரு கிளாஸ் சேருங்கள், அட்டை எழுதுங்கள், பங்கு பிரித்தல் யூஸ் கேஸுக்குத் திரும்பிப் போய் "செலவைக் கழித்த பிறகு" என்ற வரியை நுழையுங்கள். பிறகு இரண்டாம் நாளின் பக்கத்தை எடுங்கள்.