ஐந்தாம் கிரேடு நினைப்பு, இரண்டாம் கிரேடு விரல்: மறுபடி பியானோ பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது என்று வீட்டில் பியானோ வகுப்பை நிறுத்தினார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்திருந்தேன். அப்புறம் பொறியியல், வேலை, கல்யாணம், கடைசியில் ஜெர்மனியின் லைப்சிக் நகரம். இங்கே நவம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு நாளில், பொழுது போகாமல் கிராஸி இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். பியானோவைக் கண்டுபிடித்த இத்தாலியர் கிறிஸ்டோஃபோரி 1726-இல் செய்த பியானோ ஒன்று அங்கே இருக்கிறது. அவர் செய்தவற்றில் உலகத்தில் மிஞ்சியவை மூன்றுதான். மற்ற இரண்டும் ரோமிலும் நியூயார்க்கிலும் இருக்கின்றன. தொட அனுமதி கிடையாது. ஆனால் கோட்டுப் பைக்குள் என் வலது கை சி மேஜர் ஸ்கேல் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வேகத்தில் அடுத்த ஓராண்டு நான் செய்த தவறுகளும், இங்கே என்னைப் போல மறுபடி வாசிக்க உட்கார்ந்த சிலர் செய்யப் பார்த்த தவறுகளும்தான் இந்தக் கட்டுரை. ஊர் வேறானாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் தவறு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. கடைசியாகத் தேர்வில் வாசித்த உருப்படி காதில் அப்படியே இருக்கும். விரல்தான் மறந்திருக்கும். இதில் ஒரு கொடுமை உண்டு: இந்த இருபது வருடத்தில் காது வளர்ந்திருக்கிறது. நல்ல இசை நிறையக் கேட்டிருக்கிறோம். பதினைந்து வயதில் நாம் வாசித்ததே நமக்கு நன்றாகத்தான் கேட்டது. இப்போது ஒவ்வொரு பிசிறும் காதில் குத்துகிறது. பலர் இரண்டாவது வாரத்தில் மூடிவைப்பது இதனால்தான். திறமை போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் காதுக்கும் கைக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று கிரேடு கீழே இறங்குங்கள். நான் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1848-இல் குழந்தைகளுக்காக எழுதிய தொகுப்பை எடுத்துக்கொண்டேன். இன்னொன்று, அவருக்கும் முந்தைய இசையமைப்பாளர் பாக் தன் மனைவி அன்னா மாக்டலேனாவுக்காக 1725-இல் இதே லைப்சிக்கில் தொடங்கிய நோட்டுப் புத்தகம். சென்னையில் கிரேடு படித்த எல்லோரும் 'பாக் மினுவெட்' என்று ஒரு ஜி மேஜர் நடன உருப்படியை வாசித்திருப்போமே, அது இந்த நோட்டில்தான் வருகிறது. ஆனால் எழுதியவர் பாக் இல்லை. டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட். இது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. சிறு வயதில் விரலுக்கு விரல் திட்டு வாங்கி வாசித்ததை இப்போது நிதானமாக வாசித்தால், இடது கைக்கும் ஒரு பாட்டு இருப்பது கேட்கும்.

கூடவே ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு மூன்று உருப்படி, அதை மனப்பாடமாக விரலில் ஏற்றித் தேர்வு எழுதியவர்கள் நாம். புது இசைக்குறிப்புத் தாளைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்போம். தினமும் ஐந்து நிமிடம், மிகச் சுலபமான ஒரு புதுத் தாளை, தப்பு வந்தாலும் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்துப் பழகுங்கள். வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

அடுத்தது, நான் சறுக்கி விழுந்த இடம்: ஓசிப் பியானோ. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. ஜெர்மனியில் பாட்டி காலத்துப் பியானோக்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது யாராவது எடுத்துப் போனால் போதும் என்று இணையத்தில் இலவச விளம்பரம் போடுகிறார்கள். செதுக்கு வேலை, மெழுகுவர்த்தித் தாங்கி, தந்தக் கட்டைகள் என்று படத்தில் ஜொலிக்கும். நானும் ஒன்றை எடுத்தேன். சுவரோடு நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை ஏற்ற, பியானோ தூக்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் வந்தார்கள். அந்தக் கூலியில் ஒரு சுமாரான டிஜிட்டல் பியானோவுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்.

பிறகு சுருதி சேர்க்கும் ட்யூனர் வந்தார். முன்பலகையைக் கழற்றி, இரண்டு ஆணிகளைத் திருகிப் பார்த்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விஷயம் இதுதான். பியானோவுக்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது டன் இழுவிசை. ஒவ்வொரு கம்பியும் ஓர் ஆணியில் சுற்றியிருக்கும். ஆணிகள் எல்லாம் ஒரே மரக்கட்டையில் இறுக்கமாக நிற்க வேண்டும். அந்த மரம் காய்ந்து வெடித்துவிட்டால் ஆணி நிற்காது. காலையில் சுருதி சேர்த்தால் மாலையில் இறங்கிவிடும். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு பியானோவே வாங்கலாம். போதாக்குறைக்கு என்னுடையதில் டாம்பர்கள், அதாவது ஒலியை அடக்கும் கம்பளிப் பட்டைகள், கம்பியைத் தட்டும் சுத்தியல்களுக்கு மேலே இருந்தன. நூறு வருடப் பழைய பியானோக்களில் இப்படி இருக்கும். ஒலி சரியாக அடங்காது, சுருதி சேர்ப்பதும் சிரமம். முன்பலகையைத் திறந்ததும் சுத்தியல் வரிசைக்கு முன்னால் கம்பிக் கம்பியாக ஒரு கூண்டு மாதிரி தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பழையது எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் நூறு யூரோ செலவானாலும் ஒரு ட்யூனரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதைவிட நல்ல வழி வாடகை. ஜெர்மனியில் பல பியானோ கடைகள் மாத வாடகைக்குத் தருகின்றன. பிறகு வாங்குவதாக இருந்தால் கட்டிய வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. வெளிநாட்டில் அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர்களுக்கு இது தோதான ஏற்பாடு.

டிஜிட்டல் வாங்கினால் 88 கட்டையும், கட்டையில் சுத்தியல் கனமும் இருக்க வேண்டும். 61 கட்டை கீபோர்டில் பழகிய விரல் நிஜப் பியானோவில் தடுமாறும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி வைக்கும் இடம். சென்னையில் பியானோவுக்கு எதிரி ஈரம். கட்டை ஊதி மாட்டிக்கொள்ளும், கம்பி துருப்பிடிக்கும். என் ஆசிரியை வீட்டில் பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்த ஞாபகத்தில், இங்கே குளிர்காலத்தில் பியானோவைக் கதகதப்பாக வைக்கிறேன் பேர்வழி என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் போட்டேன். தலைகீழ்த் தவறு. உறைபனிக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதே காற்றை வீட்டுக்குள் இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பியானோவுக்கு நாற்பதிலிருந்து அறுபது வரை வேண்டும். அதன் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். காய்ந்தால் சுருங்கும், சுருதியும் கூடவே இறங்கும், மோசமானால் விரிசல் விடும். ஹீட்டரிலிருந்து தள்ளி, வெயில் படாத உட்சுவர் ஓரமாக வையுங்கள். பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதமானி கிடைக்கும். ஹீட்டர் போடத் தொடங்கிய வாரமே ட்யூனரைக் கூப்பிடாதீர்கள். மரம் புதுக் காற்றுக்குப் பழக ஒரு மாதமாவது ஆகும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்தில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. சிலர் எதையும் கேட்காமல் இரவு பத்தரைக்கு வாசித்துவிட்டுக் கடிதம் வாங்குவார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் மறுபக்கம்: வெளிநாட்டில் வந்து இருக்கிறோம், எதற்கு வம்பு என்று வாசிக்கவே மாட்டார்கள். வாசித்தாலும் கள்ளத்தனமாக, பாதி அழுத்தத்தில். அப்படிப் பழகினால் விரலில் பலமே ஏறாது. சட்டம் அவ்வளவு பயமுறுத்துவதாக இல்லை. ஆக்ஸ்பர்க் நீதிமன்றங்களில் ஒரு டிரம்பெட் கலைஞருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நடந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், 2018 அக்டோபரில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் இசை பழகுவதை அடியோடு தடுக்க முடியாது. வார நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பது தோராயமான அளவு. மதிய, இரவு ஓய்வு நேரங்களை மதிக்க வேண்டும். டிரம்பெட்டுக்கே அப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தையும் கட்டட விதிகளையும் முதலில் படித்துவிடுங்கள். மாடியிலும் கீழேயும் இருப்பவர்களிடம் போய், எந்த நேரம் தொந்தரவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கொஞ்சம் முறுக்கோடு போனேன். கீழ்வீட்டு அம்மா முறுக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

ஹெட்போன் போட்டுவிட்டால் கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. நமக்குத்தான் இசை கேட்கும். கீழே இருப்பவருக்கு டொக் டொக்கென்று கட்டை இடிக்கும் சத்தம் தரை வழியாகப் போகும். பழைய வீட்டு மரத்தரையில் இது நிஜமான தொல்லை. அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் ஓரளவு குறையும்.

கையைப் பற்றிச் சுருக்கமாக. வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் விளாசாதீர்கள். தினம் இருபது நிமிடம் போதும். வலித்தால் நிறுத்துங்கள். இதே ஊரில் 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரலைக் கெடுத்துக்கொண்டு, மேடைப் பியானோ கலைஞர் ஆகும் கனவையே விட்டவர் ஷூமான். விரலுக்குப் பலம் ஏற்ற அவர் ஏதோ ஒரு கருவியைப் பயன்படுத்தியதும் தெரியும். அதுதான் காரணமா என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

ஆசிரியரிடம் போகக் கூச்சப்படுவது அடுத்தது. 'கொஞ்சம் தேறியபிறகு போகலாம்' என்று நான் ஆறு மாதம் கடத்தினேன். அந்த ஆறு மாதத்தில் தேறியதெல்லாம் தப்பான விரல் போக்கு. போன பிறகு வேறு கூத்து. ஆசிரியை 'பி' என்றார். நான் 'பி' வாசித்தேன். தலையை ஆட்டி மறுபடி 'பி' என்றார். நான் இன்னும் அழுத்தி வாசித்தேன். ஜெர்மனியில் நாம் பி ஃபிளாட் என்பதைத்தான் பி என்கிறார்கள். நம்முடைய பி இவர்களுக்கு 'ஹா', அதாவது ஹெச். பாக் தன் பெயரின் B-A-C-H என்ற நான்கு எழுத்துகளையே ஸ்வரமாக்கிக் கடைசிக் காலத்து ஃபியூகில், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் மாற்றி மாற்றி எடுக்கும் உருப்படியில், வைத்தது இதனால்தான் முடிந்தது. சி ஷார்ப் 'சிஸ்', டி ஃபிளாட் 'டெஸ்'. மேஜர் 'டூர்', மைனர் 'மோல்'. ஸ்வர நீளத்துக்கு நம் ஊரில் சொல்லும் க்ரோச்செட், குவேவர் எல்லாம் இங்கே கால், அரைக்கால் என்று கணக்குப் பாடம்தான். முதல் வகுப்புக்கு முன் இதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரிய அதிக நாள் எடுத்த தவறு, பாக்கி வைத்த ஆறாம் கிரேடை எழுதி முடிக்கத்தான் மறுபடி உட்கார்ந்தோம் என்று நினைத்தது. தேர்வுப் பாடத்திட்டம்கூட வாங்கிவிட்டேன். கட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எதிரே தேர்வாளர் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்பது உறைக்க ஒரு குளிர்காலம் ஆயிற்று. பாடத்திட்டம் இப்போது ஈரப்பதமானிக்கு அடியில் கிடக்கிறது. சிறு வயதில் பியானோவில் சினிமாப் பாட்டு வாசித்தால் ஆசிரியை மூடியைச் சாத்திவிடுவார். இப்போது வாசிக்கிறேன். கமகம் வராதுதான், இரண்டு கட்டைக்கு நடுவே வழுக்க வழியில்லை. அதனால் கமகம் அதிகமில்லாத மெட்டாகப் பார்த்து, இடது கையில் கார்டு, அதாவது சில ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது, சேர்த்து, ஞாயிறு காலை கடைசி இருபது நிமிடம்.

போன மாதம் வகுப்பு முடிந்து நான் சும்மா விரல் ஓட்டிக்கொண்டிருந்ததை இங்குள்ள ஆசிரியை கேட்டுவிட்டு, அது என்ன பாட்டு, எழுதிக்கொண்டு வா என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது பாரில், அதாவது தாளில் ஏழாவது தாளக் கட்டத்தில், வருவது பி-யா, ஹெச்-சா என்று இன்னும் குழப்பம்.