கில்பெக் தேவாலயத்தை முதலில் வெளியே சுற்றுங்கள்

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயர் பக்கம் போகிறவர்கள் கில்பெக் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். 1140 வாக்கில் சிவப்பு மணற்கல்லில் கட்டிய சின்னத் தேவாலயம் அங்கே இருக்கிறது. நேராக உள்ளே நுழையாமல் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். கூரைக்குக் கீழே வரிசையாக எண்பதுக்கும் மேற்பட்ட கல் தாங்கிகள். பெரும்பாலும் விசித்திர முகங்கள், மிருகங்கள். நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் கல்லைக் கட்டாயம் தேடுங்கள், அத்தனை அழகு! பைனாகுலர் இருந்தால் நல்லது. தெற்கு வாசல் தூணில் கொடிகளுக்கு நடுவே வீரர்கள் நிற்பார்கள். தேவாலயத்துக்குப் பின்னாலேயே பழைய கோட்டையின் மண்மேடு, இடிந்த சுவர்கள். அப்புறம் கார் இருந்தால் அபே டோர் (Abbey Dore) கிராமத்துக்கும் போகலாம். 1147-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை தொடங்கிய மடத்தின் மிச்சம்தான் இப்போது ஊர்த் தேவாலயம். ஞாயிறு காலை வழிபாடு நடக்கலாம், நேரம் பார்த்துப் போங்கள்.